பரமண்டலத்தில் விட்டுப்போன வரி

எங்கள் தெரு வீட்டார் கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டத்தில் என்னைச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். பக்கவாதத்தில் விழுந்து எழுந்து வந்தவள், ஆண்டவர் சுகம் தந்தார் என்று இரண்டு வார்த்தை சொன்னால் மற்றவர்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்றார்கள். எனக்கு இன்னும் நாக்கு நினைத்தபடி திரும்புவதில்லை. நாலு பேர் முன்னால் குழறிக்கொண்டு நிற்க இஷ்டமும் இல்லை. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ஜெபப் புத்தகத்தை விரல் வைத்து வாசிப்பேன், கையெழுத்துப் போடுவேன், அவ்வளவுதான். இப்போது வலது கை அதற்கும் ஆகாது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் ரீட்டா எழுதுகிறாள். எழுத்து அவளுடையது, சொல் என்னுடையது. நயமாக இருக்கட்டும் என்று அவள் எதையாவது மாற்றினால், திரும்ப வாசிக்கச் சொல்லும்போது கண்டுபிடித்துவிடுவேன். அது அவளுக்கும் தெரியும்.

என் பெயர் சவரியம்மாள். எழுபத்தொன்று நடக்கிறது. திண்டுக்கல்லில் மகன் அந்தோணி வீட்டில் இருக்கிறேன். அவன் மோட்டார் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறான்.

அன்று காலை ஆறரை மணி இருக்கும். காப்பித் தம்ளர் கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனால் வலது கை என் பேச்சைக் கேட்கவில்லை. யாருடைய கையோ என் தோளில் தொங்குகிற மாதிரி இருந்தது. ரீட்டா ஓடி வந்து என் முகத்தைப் பார்த்தாள்.

“அத்த, வாய் ஒரு பக்கமாக் கோணுது. வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்.”

“செத்த பொறு. காத்துப் பிடிச்சிருக்கும், சரியாப் போயிரும்.”

சரியாகப் போகவில்லை. நான் படுத்துக்கொண்டேன். அவள் மூன்று தடவை வந்து கூப்பிட்டாள், மூன்று தடவையும் கையைக் காட்டி நிறுத்தினேன். பிறர் சொல்லி நான் எழுந்து போனதில்லை. பன்னிரண்டு மணிக்குக் குளியலறை வாசலில் விழுந்தேன். “ரீட்டா” என்று கூப்பிட வாயைத் திறந்தேன். வெறும் சத்தந்தான் வந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு பெரிய வளையத்துக்குள் என் தலையை விட்டுப் படம் எடுத்தார்கள். அதுதான் ஸ்கேன். மூளைக்குப் போகிற ரத்தக் குழாயில் அடைப்பு என்று வந்தது. டாக்டர் சின்ன வயதுதான். நிதானமாகச் சொன்னார்: ரத்தம் கட்டினால் அதைக் கரைக்க ஊசி இருக்கிறதாம். ஆனால் நாலரை மணி நேரத்துக்குள் வந்தால்தான் போடலாமாம்.

“காலைலயே தெரிஞ்சிருக்கே, ஏம்மா இம்புட்டு நேரம்?” என்று ரீட்டாவைக் கேட்டார்.

ரீட்டா அழுதுகொண்டே, “பொறுன்னு சொன்னாங்க டாக்டர்” என்றாள்.

அவர் கோபப்படவில்லை. பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார். எனக்குக் காது கேட்டது, எல்லாம் விளங்கியது. ரீட்டா சொன்ன ‘பொறு’ மட்டும் காதிலேயே நின்றது. அதே சொல்லை நான் முன்பும் ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். அது பிறகு வரும்.

இதை வாசிக்கிறவர்களுக்கு இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். வாய் கோணினால், கை தளர்ந்தால், பேச்சுக் குழறினால் பொறுக்காதீர்கள். வீட்டில் பெரியவர்கள் என்ன அதட்டினாலும் தூக்கிக்கொண்டு போங்கள்.

எனக்கு வந்ததற்கு அபேசியா என்று பெயர். புத்தி போகவில்லை. சொல் மட்டும் போய்விட்டது. தண்ணீர் வேண்டும் என்று தெரியும். தண்ணீர் என்ற சொல் எங்கே இருக்கிறது என்றும் தெரிகிற மாதிரி இருக்கும். எடுக்கப் போனால் கைக்கு வராது, வேறு ஏதாவது வரும். ஒரு நாள் அந்தோணியைப் பார்த்து “கதவு” என்று கூப்பிட்டேன். அவன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, “சாத்திட்டேம்மா” என்றான். அவனைக் கூப்பிட்டேன் என்று எப்படிச் சொல்வது?

முழுங்க முடிகிறதா என்று பார்க்க ஒரு கரண்டி தண்ணீர் கொடுத்தார்கள். இருமினேன். அதனால் ஐந்து நாள் மூக்கு வழியாகக் குழாயில் கஞ்சி. ரீட்டா அந்தக் கஞ்சியைத் துணியில் இரண்டு தடவை வடிகட்டிக் கொண்டுவருவாள். வயிற்றுக்கு நேராகப் போகிற கஞ்சிக்கு ருசி எதற்கு? ஆனாலும் சீரகம் வறுத்துப் போடுவாள். “மணமாச்சும் இருக்கட்டும் அத்த” என்பாள். பத்து வருடமாக அவளை நான் ஒரு குழம்பு வெஞ்சனத்துக்கும் பாராட்டியதில்லை. இதை எழுதும்போது அவள் பேனாவை நிறுத்துகிறாள். எழுது என்கிறேன்.

பக்கத்துக் கட்டிலில் நெய்க்காரப்பட்டிப் பக்கத்துப் பழனியம்மாள். இடுப்பு எலும்பு முறிந்து கிடந்தாள். வாய் மட்டும் ஓயாது. ஆறாம் நாள் அவள் மகள் மல்லிகைப் பூ வாங்கி வந்தாள். பழனியம்மாள் அதில் ஒரு முழம் கிள்ளி என் கட்டில் கம்பியில் சுற்றச் சொன்னாள்.

“ஏனுங்கம்மா, மருந்து வாடையே அடிச்சுட்டுக் கெடக்குது. கொஞ்சம் மணமா இருக்கட்டுமுங்க.”

எடுங்கள் என்று சொல்ல எனக்கு வாயில்லை. கையால் தள்ள முடியவில்லை. அந்தப் பூ அவிழ அவிழ அன்று பகல் முழுவதும் என் மூத்த பிள்ளை அமலி என் தலைமாட்டில் நின்றாள். நின்றாள் என்றே எழுதச் சொல்கிறேன். மருந்து மயக்கம் என்பார்கள். இருக்கலாம். அவள் மூச்சு வாங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. யாரிடம் சொல்ல முடியும்?

நான் சொல்வது பத்தொன்பது வருடத்துக்கு முந்திய கதை, அமலிக்கு அப்போது பதினேழு வயது. நிலக்கோட்டைப் பக்கம் எங்களுக்கு மல்லிகைத் தோட்டம். வீட்டுக்காரர் சீக்கிரமே போய்விட்டார், தோட்டத்தை நான்தான் பார்த்தேன். பக்கத்து வீட்டில் என் தங்கை லூர்து. அவள் அந்தச் சமயம் ஒரு ஜெபக் குழுவோடு சேர்ந்திருந்தாள். நோயாளிகள் தலையில் கை வைத்து ஜெபிப்பார்கள். அமலிக்கு நாலு நாளாகக் காய்ச்சல். உள்ளூரில் ஊசி போட்டும் இறங்கவில்லை. ஐந்தாம் நாள் காலையில் லூர்துவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பூவை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனேன். மறுநாள் முகூர்த்தம். எனக்கு முன்னால் வரிசையில் பதினைந்து கூடைக்கு மேல் நின்றது. அப்போது கடைப் போனுக்கு அழைப்பு வந்தது. லூர்து வீட்டுப் போனிலிருந்து அமலி பேசினாள்.

“அம்மா, மூச்சு ஒரு மாதிரியா இருக்கும்மா. எப்ப வருவ?”

“செத்த பொறு சாமி. பூவ எட போட்டுட்டு வந்துர்றேன்.”

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இதை எழுதிக்கொண்டிருக்கிற ரீட்டாவுக்கே இப்போதுதான் தெரியும்.

எடை போட்டு முடிய முக்கால் மணி நேரம். பூ அவிழ்ந்துவிட்டால் வீண் என்பது மட்டும்தான் மனதில் ஓடியது. வீட்டுக்குப் போனால் லூர்து அமலியின் நெற்றியில் கை வைத்து ஜெபித்துக்கொண்டிருந்தாள்.

“காய்ச்சல் விட்டுருச்சுக்கா! ஆண்டவர் தொட்டுட்டாரு! இப்பத்தான், எங்கையிலேயே சூடு எறங்குச்சு!” என்றாள்.

நான் தொட்டுப் பார்த்தேன். நெற்றி குளிர்ந்திருந்தது. நானும் முழங்காலில் விழுந்து நன்றி சொன்னேன். அமலி அசதியாக இருக்கிறது என்று கண்ணை மூடினாள். தூங்கட்டும் என்று விட்டோம். பின்னேரம் அவள் காலைத் தொட்டால் ஐஸ் மாதிரி இருந்தது. பூ இறக்கிவிட்டு வந்த வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு திண்டுக்கல் வந்தோம். வந்து சேர்வதற்குள் என் மடியிலேயே முடிந்துவிட்டது. கொசுக்கடியில் வருகிற இந்த மாதிரிக் காய்ச்சலில் சூடு இறங்குகிற நேரந்தான் ஆபத்து என்று பிறகு டாக்டர் சொன்னார். அது எங்கள் இருவருக்கும் தெரியாது.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் ஊர் முன்னால் லூர்துவைப் பார்த்துச் சொன்னேன்: “ஒங்கை பட்டுத்தான்டி எம்புள்ள போயிருச்சு. இனி எம்மூஞ்சில முழிக்காத.” அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் தோட்டத்தை விற்றுவிட்டு டவுனுக்கு வந்தேன். பத்தொன்பது வருடம் ஓடிவிட்டது.

அன்றிலிருந்து பரமண்டல ஜெபத்தில் ஒரு வரியை நான் சொல்வதில்லை. “எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பது போல எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்” என்ற வரி. கோயிலில் இப்போது சொல்வது புது ஜெபம், அதில் மன்னிப்பது என்று வரும். எனக்குச் சின்ன வயதில் உபதேசியார் சொல்லிக் கொடுத்தது பழையது. நான் பழையதைத்தான் வாய்க்குள் சொல்வேன். அந்த வரி வந்ததும் உதட்டை மூடிக்கொள்வேன். கூட்டத்தோடு சொல்லும்போது யாருக்குத் தெரியும்? நான் பொறுக்கவில்லை, பொறுத்தேன் என்று ஆண்டவரிடம் பொய் சொல்லக் கூடாது. அதுதான் நேர்மை என்று எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

எட்டாம் நாள் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் வந்தாள். ஒன்று இரண்டு மூன்று சொல்லச் சொன்னாள். அவள் தொடங்கிவைத்ததும் பத்து வரை தானாக வந்தது. அறைக்குள்ளிருந்து பூனைக்குட்டிகள் வெளியே வருவதுபோல ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. நான் பயந்துபோனேன். மனப்பாடமாகப் பல வருடம் சொன்னது மூளையில் வேறு இடத்தில் இருக்குமாம், அதை நோய் தொடாதாம்.

“பாட்டிக்குத் தெரிஞ்ச பாட்டு, ஜெபம் எதாச்சும் இருக்கா?”

“பரமண்டலம் சொல்வாங்க” என்றாள் ரீட்டா. முதல் சொல்லை அவளே எடுத்துக் கொடுத்தாள்.

வந்தது! தண்ணீர் என்று கேட்க முடியாத வாயிலிருந்து எங்கள் பிதாவே என்று வந்தது, உம்முடைய நாமம் வந்தது, இராச்சியம் வந்தது. ரீட்டா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பழனியம்மாள் படுத்தபடியே கை கூப்பினாள். அனுதின உணவுக்கு வந்தேன். அங்கே உதடு தானாக மூடிக்கொண்டது. இரண்டு மூச்சு. பிறகு, “எங்களைச் சோதனையில் விழ விடாதேயும்” என்று தானாகத் திறந்தது.

“அத்த, ஒரு வரி விட்டுப்போச்சு” என்றாள் ரீட்டா.

மறுபடி சொல்லச் சொன்னார்கள். மறுபடி அதே இடம், அதே இரண்டு மூச்சு. பயிற்சிப் பெண் நோட்டில் குறித்துக்கொண்டாள். “அந்த வரி மட்டும் அழிஞ்சிருக்கும் போல. பரவால்ல, டெய்லி சொல்லிக் குடுங்க, வந்துரும்” என்றாள்.

அதன்பிறகு நடந்ததை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வேறு என்னவோவும் வருகிறது. ரீட்டா அந்த வரியை அட்டையில் பெரிய எழுத்தாக எழுதிக் கட்டிலில் கட்டினாள். காலையில் முகம் கழுவும்போது ஒரு தடவை, கஞ்சிக்கு முன் ஒரு தடவை. அந்தோணி கடையிலிருந்து வந்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, “சொல்லும்மா, எங்களுக்குத் தீமை... தீ... தீமை...” என்பான், பிள்ளைக்கு அரிச்சுவடி சொல்வதுபோல. நாலாம் நாளில் பழனியம்மாளுக்கே அது மனப்பாடமாகிவிட்டது.

“எனக்கே வந்துருச்சுங்க, உங்களுக்கு என்னங்கம்மா கேடு? நாங்கள் பொறுப்பது போல... சொல்லுங்க!”

நோயால் போனதல்ல, நானே விட்டது என்று சொல்ல என்னிடம் சொல் இல்லை. பத்தொன்பது வருடம் மூடி வைத்ததை வார்டே சேர்ந்து திறக்கப் பார்க்கிறது. அதைவிடப் பயம் ஒன்று வந்தது. ஒரு நாள் மத்தியானம் எல்லோரும் தூங்கும்போது, நானாகவே அந்த வரியைச் சொல்லிப் பார்க்கலாம் என்று முயன்றேன். வரவில்லை. நான் விட்டதா, என்னைவிட்டு அதுவே போய்விட்டதா என்று எனக்கே தெரியவில்லை. கேட்க வாய் இருந்தபோது கேட்கவில்லை. இப்போது பாவத்தைப் பொறுத்தருளும் என்று நான் கேட்க நினைத்தாலும் கேட்க முடியாதே. இப்படியே செத்துப்போனால் அங்கே போய் எந்த முகத்தோடு அமலியைப் பார்ப்பேன்? பொறு என்றாயே அம்மா என்று அவள் கேட்டால்?

ஆஸ்பத்திரியில் ஆண்டவர் கூடவே இருந்தார், ஆறுதல் சொன்னார் என்று பலர் சாட்சி சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் போகவும் இல்லை. ஒருவர் எதிரே உட்கார்ந்து, பேசாமல், நான் சொல்வதற்காகப் பார்த்துக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. அவர் உண்மையுள்ளவர் என்று வேதம் சொல்வது சந்தோஷமான செய்தி என்று நினைத்திருந்தேன். அந்த மத்தியானம் அது பயமாக இருந்தது.

அன்று சாயங்காலம் அந்தோணி வழக்கம்போல ஆரம்பித்தான். “எங்களுக்குத் தீமை செய்தவர்களை...” பாதியில் நிறுத்தினான். என் முகத்தையே பார்த்தான். அமலி போனபோது அவனுக்குப் பதினைந்து வயது. கல்லறைத் தோட்டத்தில் நான் பேசியதைக் கேட்டவன்.

“அம்மா, இது நோய் இல்லல்ல?”

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவன் எழுந்து அந்த அட்டையை அவிழ்த்து மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். ரீட்டாவிடம், “இனி இத அம்மாட்ட சொல்லிக் குடுக்க வேணாம்” என்றான்.

மறுநாள் நாலு மணிக்கு, பார்வையாளர் நேரத்தில், அவன் லூர்துவை அழைத்து வந்தான். வார்டு வாசலில் விட்டுவிட்டு மாத்திரை வாங்கப் போகிறேன் என்று போய்விட்டான்.

முடியெல்லாம் கொட்டி, கழுத்து நீண்டு, யாரோ கிழவி என்றுதான் முதலில் நினைத்தேன். கால்மாட்டில் நின்றாள். கட்டிலைத் தொடவில்லை.

“தோத்திரம்க்கா.”

என்னால் பதில் சொல்ல முடியாது. முடிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.  புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

“மூஞ்சியப் பாத்தாச்சு. அது போதும். நான் வாரேன்க்கா.”

இங்கே உண்மையைச் சொல்லவேண்டும். நான் சொல்ல நினைத்தது “போ” என்பதுதான். அந்தச் சொல்லைத்தான் உள்ளே தேடி எடுத்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே தள்ளினேன். நோய்க்காரி வாய், ஒன்றை எடுத்தால் இன்னொன்று வரும். வந்தது வேறு.

“பொறு.”

லூர்து திரும்பினாள். பழனியம்மாள், “அட, பேசீட்டாங்க!” என்று கத்தினாள். இல்லை, தப்பு, அதில்லை என்று தலையை ஆட்டினேன். யாருக்கு விளங்கும்? லூர்து ஸ்டூலை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

“பொறுக்குறேன்க்கா. பத்தொம்பது வருசமா அதத்தான செய்றேன்.”

 பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அன்னிக்கு அமலி ஒனக்குப் போன் பண்ணுச்சே, அப்ப நான் பக்கத்துலதான் நின்னேன். நீ சொன்னது எனக்குங் கேட்டுச்சு.”

என் உடம்பில் நல்லாயிருந்த பாதியும் மரத்துப்போனது. அவளுக்குத் தெரியும். அன்று கல்லறையில் நான் கத்தியபோதும் தெரியும். ஊர் அவளைத் தூற்றியபோதும், அவள் வீட்டுப் படியை யாரும் மிதிக்காமல் இருந்தபோதும் தெரியும். ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருந்தால் என் வாய் அன்றே அடைத்திருக்கும்.

“யார்ட்டயுஞ் சொல்லலக்கா. சொல்றதுக்கு அதுல என்ன இருக்கு? நீ வேணும்னேவா சொன்ன? ஆனா என்னய ஒண்ணு சொல்ல விடல நீ. போன வச்சுட்டு அந்தப் புள்ள என்ன சொல்லுச்சு தெரியுமா? ‘அம்மா வந்துரும் சித்தி. பூவ எட போட்டதும் ஓடி வந்துரும்’னுச்சு. சிரிச்சுச்சுக்கா. பயந்துக்கிட்டு இல்ல. நம்பிக்கிட்டுப் படுத்துச்சு. அத ஒன்ட்ட சொல்லணும்னுதான் ரெண்டு தடவ டவுனுக்கு வந்தேன். தெரு முக்குல நின்னுட்டுத் திரும்பிட்டேன்.”

அழுதேனா என்று ரீட்டா கேட்கிறாள். கண் தண்ணீர் வந்தது. கோணிய முகத்தில் ஒரு கண்ணில் மட்டும் தானாக வரும். எது அழுகை, எது நோய் என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

பொறுத்துக்கொள் என்று அவளிடம் கேட்கவேண்டும். அதற்குள்ளே இருக்கிற ஒரு சொல்கூட வரவில்லை. சற்று முன்னால் தப்பாக வந்த அந்தச் சொல்லையே தேடினேன், அதுவும் ஒளிந்துகொண்டது. இடது கை ஒன்றுதான் என்னிடம் இருந்தது. அதை நீட்டி அவள் வலது கையைப் பிடித்தேன். என் தலைப்பக்கம் இழுத்தேன்.

என்ன செய்கிறேன் என்று விளங்கியதும் லூர்து கையைப் பின்னால் இழுத்தாள்.

“வேணாம்க்கா. விட்டுரு. அதுக்கப்புறம் நான் யார் தலையிலயும் கை வச்சதில்ல. எம் பேரப்புள்ள தலையில கூட வச்சதில்ல. எனக்குப் பயமா இருக்கு.”

நான் விடவில்லை. எனக்கு இருந்த பலமெல்லாம் அந்த ஒரு கையில்தான். இழுத்து என் நெற்றியில் வைத்து, மேலே என் கையை வைத்து அழுத்திக்கொண்டேன்.  என்ன ஜெபிப்பது என்று தெரியாமல் அவள் வாய் திறந்து திறந்து மூடியது. அவளுக்கும் சொல் போய்விட்டது. 

நேரம் முடிந்தது என்று நர்ஸ் வந்து சொன்னாள். பழனியம்மாள் அவளை, “செத்த சும்மா இருங்க கண்ணு” என்று அதட்டினாள்.

நான் கண்ணை மூடினேன். நான் போய்த் தொட்டபோது என் பிள்ளை குளிர்ந்திருந்தாள். அவள் உடம்பின் கடைசிச் சூடு இறங்கியது இந்தக் கையில்தான். அந்த உள்ளங்கை என் நெற்றியில் வெதுவெதுப்பாக இருந்தது.